பெரிய எழுத்து வினா-விடை

தமிழ்நாட்டில் இன்று அதிகமாகப் படிக்கப்படும் புத்தகம் எது என்று யாராவது கேட்டால், எந்த நாவலின் பெயரையும் நான் சொல்லமாட்டேன். சொல்ல ஆசை இல்லாமலில்லை. நானும் நாவல் எழுதுகிறவன்தான். ஆனால் செஞ்சி பஸ் நிலையத்தில் நான் வழக்கமாக நின்று பார்க்கும் கடையில் என் நாவல் ஒன்று, வெயில்பட்டு அட்டை வெளுத்து, மூன்று வருஷமாக ஒரே இடத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே பொது அறிவு வினா-விடைப் புத்தகம் கட்டுக் கட்டாக வந்து இறங்குகிறது. அடுத்த மாதம் போனால் வேறு கட்டு. கடைக்காரர் நல்ல மனுஷர். என்னைக் கண்டால் மட்டும் என் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி வைப்பார்.

விமர்சனம் எழுதுகிற நாம் இந்தப் பரீட்சைப் புத்தகங்களை இலக்கியக் கணக்கில் சேர்ப்பதில்லை. பஞ்சாங்கத்துக்கு யாராவது மதிப்புரை எழுதுகிறார்களா என்று கேட்கலாம். பஞ்சாங்கத்தைத் தினம் ஒரு பக்கம் பார்த்தால் போதும். இதையோ, எதைப் படித்தாலும் மனசில் ஒட்டிக்கொள்ளும் பருவம் முழுவதும், இருபது வயதிலிருந்து முப்பது வயதுவரை, லட்சக்கணக்கான பேர் விடியற்காலையில் எழுந்து உருப்போடுகிறார்கள். அப்படிப் படிக்கப்படுகிற எழுத்து என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று பார்ப்பது நம் வேலையைச் சேர்ந்த விஷயம்தான். ஆகவே ஒன்றை விலை கொடுத்து வாங்கி, நாவல் படிப்பதுபோல முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன்.

படித்து முடிக்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஆசிரியர் பெயர் கிடையாது. 'நிபுணர் குழு' என்று மட்டும் போட்டிருக்கிறது. அசோகர் வருகிறார், அடுத்த வரியில் வைட்டமின் 'டி' குறைந்தால் என்ன நோய் வரும், அதற்கடுத்த வரியில் உத்தரமேரூர்க் கல்வெட்டு. நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை கொடுத்து, சரியானதைத் தடித்த எழுத்தில் காட்டிவிடுகிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு என்னவோ மற்ற மூன்று விடைகளின் மேல்தான் கண் போகிறது. அவற்றைக் கற்பனை செய்தவர் எங்கேயோ ஒருவர் இருக்கிறார். கிட்டத்தட்ட உண்மை மாதிரித் தோன்ற வேண்டும், ஆனால் உண்மையாக இருக்கக் கூடாது. நாங்கள் செய்கிற தொழிலேதான். சில அத்தியாயங்களில் அவருக்கு உற்சாகம் இருக்கிறது. பொருளாதாரம் வருவதற்குள் அலுத்துப் போய், 'இவற்றில் எதுவுமில்லை' என்று நாலாவது விடையைப் போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

நான் இந்தப் புத்தகத்தை வாங்கக் காரணமாக இருந்தது ஒரு ராத்திரி. 2025 ஜூலை 11, வெள்ளிக்கிழமை. பாரிஸில் கூடியிருந்த உலகப் பாரம்பரியக் குழு அன்று, மராட்டியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில். 12-ஆவது எங்கள் செஞ்சி. மறுநாள் காலை டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பரீட்சை. 3,935 இடங்கள், விண்ணப்பித்திருந்தவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். எதிர்வீட்டுப் பையன் வாசல் விளக்கின் கீழ் உட்கார்ந்து கடைசி முறையாகப் புரட்டிக்கொண்டிருந்தான். பி.எஸ்ஸி. படித்தவன், அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். பரீட்சை அவனுக்கு இது மூன்றாவது. செய்தியை நான்தான் போய்ச் சொன்னேன். உள்ளூர்க்காரன், துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன்.

"நல்ல வேளை சார், கேள்வித்தாள் முன்னாடியே அச்சாயிருக்கும்," என்றான். "இல்லாட்டி பன்னெண்டு கோட்டை பேரையும் இன்னிக்கு ராத்திரியே மனப்பாடம் பண்ணணும்."

அவன் சொன்னதில் தவறு ஒன்றுமில்லை. ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. "செஞ்சிக்குக் கிழக்கின் ட்ராய் என்று பெயர் உண்டே, தெரியுமா?" என்றேன்.

"அது பழைய கேள்வி சார்."

"ட்ராய் என்றால் என்ன?"

"இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம். 1997," என்றான் ஒரே மூச்சில்.

சிரித்துவிட்டேன். பிறகு புத்தகத்தை வாங்கிப் படித்தபோது, சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது. சுருக்கப் பெயர்கள் அத்தியாயத்தில் அந்த டிராய் இருக்கிறது. கோட்டைகள் அத்தியாயத்தில் கிழக்கின் ட்ராய் இருக்கிறது. கிரேக்கர்கள் பத்து வருஷம் முற்றுகையிட்ட அந்த ட்ராய் நகரம் புத்தகத்தில் எங்குமே இல்லை. பையன் தன் கையிலிருந்த புத்தகத்தைக் கொண்டு சரியாகத்தான் முடிவு செய்திருக்கிறான்.

அந்தப் பெயரை வைத்த வெள்ளைக்காரன் தெரியாமல் வைக்கவில்லை. 1689-இல் மராட்டிய ராஜாராம் தப்பி வந்து செஞ்சியில் புகுந்தான். மறு வருஷம் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் முற்றுகையைத் தொடங்கினான். 1698-இல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் வெளியேறிவிட்டான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரயான்துர்க்கம் என்ற மூன்று மலைகளையும் இணைத்து ஓடுகிற மதிலைச் சுற்றி வளைக்க எத்தனை ஆள் வேண்டும்? எட்டு வருஷம் உள்ளே இருந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள்? முற்றுகையிட்டவனும் முற்றுகையிடப்பட்டவனும் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு காலம் கடத்தினார்கள் என்ற சந்தேகம் அந்தக் காலத்திலேயே உண்டு. ஒரு நாவலாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? புத்தகத்தில் இந்த எட்டு வருஷத்துக்கு வைத்திருக்கும் கேள்வி, 'முகலாயர் செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய ஆண்டு எது?' விடை, தடித்த எழுத்தில், 1698.

இவ்விடத்தில் என் பாட்டியின் ஞாபகம் வருகிறது. அவள் காலத்தில் திருவிழாக் கடைகளிலும் சந்தையிலும் விற்ற புத்தகம் வேறு. பெரிய எழுத்து தேசிங்கு ராஜன் கதை. அதற்கும் மட்டக் காகிதம்தான். பதிப்பித்தவர் பெயர்தான் பெரிதாக இருக்குமே தவிர, எழுதியவர் பெயரை யாரும் கேட்கமாட்டார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அந்த நாளைய பெரிய எழுத்துப் புத்தகம் வகித்த இடத்தில்தான், மளிகைச் சாமானோடு சேர்த்து வீட்டுக்கு வருகிற ஒரே புத்தகம் என்ற இடத்தில்தான், இன்றைய வினா-விடைப் புத்தகம் உட்கார்ந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ஆகவே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயம்.

தேஜ் சிங் என்ற புந்தேல ராஜபுத்திர இளைஞன் செஞ்சியை ஆண்டது ஒரு வருஷம்கூட இல்லை. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானுடன் 1714-இல் சண்டையிட்டு இறந்தான். சண்டைக்குக் காரணம் கட்டாத கப்பப் பாக்கி. நாட்டுப் பாடகன் இந்தப் பாக்கிக் கணக்கில் அதிக நேரம் நிற்கவில்லை. அவனுக்கு வேண்டியது நீலவேணிக் குதிரை, கல்யாணப் பந்தலிலிருந்து நேரே போர்க்களத்துக்கு ஓடிவந்த முஸ்லிம் சிநேகிதன் மகபத்கான், தேசிங்கின் மனைவி. என் பாட்டிக்குக் குதிரையின் பெயர் தெரியும். அது கண்ணீர் விட்ட இடம் தெரியும். வருஷம் தெரியாது. எதிர்வீட்டுப் பையனுக்கு 1714 தெரியும், குதிரையைத் தெரியாது. எம்.ஜி.ஆர். நடித்து 1960-இல் வந்த படத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. பாட்டி படிக்காதவள், பையன் பட்டதாரி. தேசிங்கைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியும் என்று கேட்டால் நான் கொஞ்சம் தயங்குவேன். பாட்டியின் பக்கம் அவசரப்பட்டுச் சாய்ந்துவிடவும் மாட்டேன்; கப்பப் பாக்கியை மறைத்த கதை முழுக் கதையாகாது.

கேள்வியும் பதிலுமாக எழுதுவதையே குறை சொல்லவில்லை. தமிழுக்கு அது பழக்கமான வடிவம். 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் முதல் புத்தகம் அச்சாயிற்று. அடுத்த வருஷமே கொச்சியில் அச்சான 'கிரீசித்தியானி வணக்கம்' கேள்வியும் பதிலுமாக அமைந்தது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சைவர்களுக்குச் 'சைவ வினாவிடை' எழுதினார். நம்பிக்கையைப் புகட்ட வந்த புத்தகங்கள் அவை. கேட்கிறவருக்கும் விடை தெரியும், சொல்கிறவரும் மாற்றிச் சொல்லக் கூடாது. இன்றைய பொது அறிவுப் புத்தகம் மதத்தை விட்டுவிட்டு அந்த முறையை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அதன் வாக்கியங்களில் அத்தனை உறுதி. 'என்று கருதப்படுகிறது', 'என்று ஒரு சாரார் சொல்வர்' என்பன போன்ற சொற்களை நான் தேடித் தேடிப் பார்த்தேன். அறுநூறு பக்கத்தில் நாலு இடத்தில் இருந்தால் அதிகம்.

இலக்கணப் பகுதியில் ஒரு வேடிக்கை. 'வினா எத்தனை வகைப்படும்?' என்று புத்தகமே கேட்கிறது. விடை: ஆறு. நன்னூல் சொல்லும் கணக்கு. விடை தெரிந்தவன் அடுத்தவனுக்குத் தெரியுமா என்று சோதிப்பதற்காகக் கேட்பது அறிவினா. தெரியாதவன் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. இதுவோ அதுவோ என்று சந்தேகத்தில் கேட்பது ஐயவினா. பிறகு கொளல், கொடை, ஏவல். விடைகளையோ நன்னூலார் எட்டு வகையாகப் பிரித்தார்; கேள்விக்குப் பதிலாக இன்னொரு கேள்வி கேட்பதைக்கூட விடை என்று ஒப்புக்கொண்டார். ஆறு வகை வினாவையும் மனப்பாடம் செய்யச் சொல்கிற இந்தப் புத்தகம் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரே வகை வினாவால் ஆனது. அறிவினாவைத் தவிர ஒன்றுகூடக் கிடையாது.

இதனால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். செஞ்சியையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 'செஞ்சிக் கோட்டையைக் கட்டியவர் யார்?' புத்தகம் சொல்லும் விடை, ஆனந்தக் கோன். ஆடு மேய்க்கப் போன இடத்தில் புதையல் கண்டு, 1190-ஐ ஒட்டிக் கோட்டை கட்டினார் என்று கதை. அழகான கதை. ஆனால் அது நமக்கு வந்த வழி, கர்னல் மெக்கன்சி திரட்டிய சுவடிகள். அறுநூறு வருஷம் வாய்வழியாக வந்த கர்ணபரம்பரையை அப்போதுதான் எழுதி வைத்தார்கள். இன்று நாம் பார்க்கிற மதில்களிலும் மண்டபங்களிலும் விஜயநகரத்து நாயக்கர்கள் கட்டியது உண்டு, பீஜப்பூர்க்காரர்கள் சேர்த்தது உண்டு. 1677-இல் கோட்டையைப் பிடித்த சிவாஜி மதிலைப் பலப்படுத்தினார். பிறகு முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் இங்கிலீஷ்காரர். மராட்டியர் கையில் இருந்தது 21 வருஷம்தான். உலகப் பட்டியலில் ஏறியிருப்பதோ அவர்கள் பெயரால். கட்டியவர் யார் என்ற கேள்விக்கு ஒரு வட்டத்தைக் கறுப்பாக்கி விடை சொல்ல முடியுமா? சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் செஞ்சியின் சரித்திரத்தை இங்கிலீஷில் ஒரு முழுப் புத்தகமாக எழுத வேண்டியிருந்தது.

இதையெல்லாம் பையனிடம் ஒரு நாள் சாவகாசமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அப்போ எதை சார் ஷேட் பண்றது?" என்றான்.

"ஆனந்தக் கோன்" என்றேன். வேறு என்ன சொல்வது? ஓ.எம்.ஆர். தாளில் இப்போது ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கிறது. விடை தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதற்காக. பரீட்சைத் தாளில் எனக்கு மிகவும் பிடித்த வட்டம் அதுதான். மார்க் கிடையாது.

இப்படிச் சொல்லிக்கொண்டு போனால் இந்தப் புத்தகங்களைக் கொளுத்த வேண்டும் என்று நான் நினைப்பதாக வாசகர்கள் எண்ணக்கூடும். இருபது வருஷத்துக்கு முன்னால் அப்படி நினைத்தவன்தான். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு இதே பரீட்சையை இரண்டு முறை எழுதித் தேறாமல் போனவன் வேறு எப்படி நினைப்பான்? அந்த வருஷத்தில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனேன். எதிரில் உட்கார்ந்தவர் என் மனுவைப் பார்க்கவில்லை. "உங்களுக்கு இங்கே யாரைத் தெரியும்?" என்று கேட்டார். யாரையும் தெரியாது என்றேன். ஒரு டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பரீட்சைக் கேள்வித்தாள் என்னதான் முட்டாள்தனமாக இருந்தாலும், 'உனக்கு என்ன தெரியும்?' என்றுதான் கேட்கிறது. 'உனக்கு யாரைத் தெரியும்?' என்று கேட்பதில்லை. இந்த வித்தியாசத்தின் விலை, யாரையும் தெரியாத வீட்டில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். குரூப் 4-இல் நேர்முகத் தேர்வு கிடையாது. மூட்டை தூக்குகிறவர் மகனும் தாசில்தார் மகனும் ஒரே மாதிரி 200 கேள்விகளுக்கு ஒரே மாதிரி மூன்று மணி நேரம் விடை எழுதுகிறார்கள். சென்னை மாகாணம் இதற்கென்று 1929-இலேயே சட்டம் செய்து சர்வீஸ் கமிஷன் ஏற்படுத்திற்று. இந்திய மாகாணங்களில் அதுதான் முதல். சிபாரிசுக் கடிதத்துக்கு எதிராகக் கட்டிய மதில் அது. அந்த மதிலில் ஏறுவதற்கு ஏழைக்குக் கிடைத்த ஏணி, ஆசிரியர் பெயர் இல்லாத இந்த மட்டக் காகிதப் புத்தகம்தான். ஏணியில் சித்திர வேலைப்பாடு இல்லையே என்று கீழே நின்று குறை சொல்வது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கிராம நிர்வாக அலுவலருக்கு 1698 என்ற வருஷம் எதற்கு என்று கேட்பார்கள். எதற்கும் இல்லை. 11 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் சில ஆயிரம் பேரைத்தான் எடுக்க முடியும். ஏதாவது ஒன்றைக் கொண்டு சலித்தாக வேண்டும். உத்தரமேரூர்க்காரர்கள் பத்தாம் நூற்றாண்டில் தகுதி உள்ளவர்களின் பெயரையெல்லாம் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். இன்று அந்தச் சிறுவனின் வேலையைச் செஞ்சி விழுந்த வருஷமும், வைட்டமின் 'டி'யும் செய்கின்றன. குடவோலையில் ஒரு நன்மை உண்டு. ஓலை வராதவன், தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை.

ஆகவே ஏணி வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டே என் குறையைச் சொல்கிறேன். நூறு கேள்விக்கு ஒரு முறையாவது 'இதை இன்னார் இந்த ஆதாரத்தைக் கொண்டு சொல்கிறார்' என்று ஒரு வரி சேர்த்தால் பக்கம் கூடிவிடாது. படிப்பவர்களுக்கு அதில் சிரத்தை இல்லை என்று பதிப்பாளர்கள் சொன்னால் நம்பமாட்டேன். பரீட்சை முடிந்ததும் தேர்வாணையம் உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபணை இருந்தால் ஆதாரத்துடன் சொல்லலாம் என்று அவகாசம் கொடுக்கிறது. அந்த நாட்களில் பையன்களைப் பார்க்க வேண்டும். ஒன்றரை மார்க்குக்காகப் பழைய பாடப்புத்தகத்தையும் நூலகத்துத் தடித்த நூல்களையும் புரட்டி, ஒரு நூலுக்கு எதிராக இன்னொரு நூலை நிறுத்தி, பக்க எண்ணோடு வாதாடுகிறார்கள். வருஷம் முழுவதும் அறிவினாவையே தின்று வளர்ந்தவர்கள் ஒரு வாரம் ஐயவினாவுக்குத் திரும்புகிறார்கள். எதிர்வீட்டுப் பையனும் அப்படி ஒரு ஆட்சேபணை அனுப்பினான். செஞ்சியைப் பற்றியதல்ல, ஏதோ ஒரு வேதியியல் கேள்வி. எனக்கு அரைமணி நேரம் விளக்கினான். புரியவில்லை என்றாலும், அவன் முகத்தில் அன்று இருந்த களை பரீட்சைக்கு முந்தின ராத்திரி இல்லை என்பது தெரிந்தது.

அந்தத் தடவையும் அவனுக்குக் கிடைக்கவில்லை. மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதுப் பதிப்பு வாங்கப் போனவனைப் பஸ் நிலையத்தில் பார்த்தேன். யுனெஸ்கோ செய்தியைச் சேர்த்துவிட்டார்கள். எத்தனை கோட்டைகள், தமிழ்நாட்டில் எத்தனை, எந்த வருஷம் என்று மூன்று கேள்விகள். கட்டியவர் அப்படியே இருக்கிறார். என்னோடு மலைக்கு வருகிறாயா என்று கேட்டேன். ஏதோ நினைத்துக்கொண்டு வந்தான்.

ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. பையன் எனக்காக நின்று நின்று ஏறினான். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் பாறை பிளந்து நிற்கிற இடத்தில் சின்னப் பாலம் ஒன்று உண்டு. அதைத் தூக்கிவிட்டால் மேலே போக வேறு வழி இல்லை. பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தான். மேலே போய் நெற்களஞ்சியத்தைப் பார்த்தோம். காற்று பலமாக இருந்தது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தவன், "நெல்லு சரி சார். எட்டு வருஷம் தண்ணிக்கு என்ன பண்ணாங்க?" என்றான்.

மலையிலேயே ஊற்றுகள் இருப்பதையும், மழைத் தண்ணீரைத் தேக்கக் குளங்கள் வெட்டியிருப்பதையும், கீழே கல்யாண மகால்வரை மண் குழாயில் தண்ணீர் கொண்டுபோனதையும் சொன்னேன். எந்தப் பக்கம் என்று கேட்டான். காட்டினேன். குழாய் மேட்டில் எப்படி ஏறும் என்று கேட்டான். அதற்கு நான் சொன்ன பதில் அவனுக்குத் திருப்தியாக இல்லை.

"இதெல்லாம் கேள்வியா வருமா சார்?"

"வராது."

தலையை ஆட்டினான். சாயங்காலம் அவனுக்கு மாதிரித் தேர்வு இருந்ததால் சீக்கிரமே இறங்கிவிட்டோம்.